1998 காட்ஸில்லா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை படம் போடுவோம். அப்பாவின் பழைய வேட்டிதான் திரை. புரொஜெக்டர் ஒரு நண்பருடையது. பாண்டியிலிருந்து நாலைந்து பேர் வண்டியில் வருவார்கள், வரும்போதே சாப்பிட ஏதாவது வாங்கி வருவார்கள். படத்தை முறைவைத்து ஆளுக்கொருவர் தேர்ந்தெடுக்க வேண்டும். என் முறை வந்தபோது 1998இல் வந்த ஹாலிவுட் காட்ஸில்லாவைச் சொன்னேன். "அந்தக் குப்பையா?" என்றார்கள். பார்த்த பிறகு சிலர் மனம் மாறினார்கள், சிலர் மாறவில்லை. ஆனால் கேள்விகள் நிற்கவே இல்லை. டீக்கடையில், பேருந்தில், கல்யாண வீட்டுப் பந்தியில் என்று ஒரே கேள்விகளுக்கு ஒரே பதிலைச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். கதை முழுவதும் வெளியே வந்துவிடும். படம் வந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது, பரவாயில்லை.

எந்தக் காட்ஸில்லா? அதுதான் நிறைய இருக்கிறதே?

முப்பதுக்கும் மேல் இருக்கிறது. நான் சொல்வது ரோலண்ட் எமரிக் இயக்கி, டீன் டெவ்லின் தயாரித்தது. 1998 மே 20 அன்று அமெரிக்காவில் வெளியானது. மேத்யூ பிராட்ரிக், ழான் ரெனோ, ஹாங்க் அசாரியா, மரியா பிட்டிலோ நடித்தது. ஓடும் நேரம் 139 நிமிடம். நியூயார்க்கில் பெரிய பல்லி ஓடுமே, அந்தப் படம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

பிரெஞ்சு பொலினீசியத் தீவுகளில் பிரான்ஸ் அணுகுண்டு சோதனை செய்கிறது. அங்கிருந்த இகுவானா என்ற பெரிய ஓணான் வகையின் முட்டைகளில் கதிர்வீச்சு ஏறுகிறது. பல வருடம் கழித்து ஒரு ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் தாக்கப்படுகிறது. பிழைத்தவர் ஒரே ஒருவர், அவர் வாயில் வருவது "கோஜிரா" என்ற ஒரே சொல், காட்ஸில்லாவின் ஜப்பானியப் பெயர் அதுதான். செர்னோபிலில் மண்புழு ஆராய்ந்துகொண்டிருந்த நிக்கோ டாடோபுலஸ் என்ற விஞ்ஞானியை அமெரிக்க ராணுவம் தூக்கிக்கொண்டு வருகிறது. விலங்கு நியூயார்க்குக்குள் நுழைகிறது. ராணுவம் துரத்துகிறது. அது வந்தது முட்டையிட என்று நிக்கோ கண்டுபிடிக்கிறார், யாரும் நம்பவில்லை. மேடிசன் ஸ்கொயர் கார்டன் என்ற உள்ளரங்கில் 200க்கும் மேல் முட்டைகள். குட்டிகள் பொரிக்கின்றன. அரங்கத்தைக் குண்டு போட்டுத் தகர்க்கிறார்கள். தாய் வருகிறது. கடைசியில் புரூக்ளின் பாலத்தின் கம்பிகளில் சிக்கிச் சாகிறது.

எல்லோரும் ஏன் இந்தப் படத்தைத் திட்டுகிறார்கள்?

திட்டுபவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஜப்பானியக் காட்ஸில்லா நின்று நிதானமாக வரும். வாயிலிருந்து அணுக்கதிரை விடும். பீரங்கி, விமானம் எதுவும் அதை அசைக்காது. கிட்டத்தட்ட ஒரு சாமி மாதிரி, கோபக்கார ஊர்க்காவல் தெய்வம் மாதிரி. எமரிக்கின் விலங்கோ ஓடுகிறது, ஒளிகிறது, சாதாரண ஏவுகணையில் செத்துப்போகிறது. அய்யனார் கோவில் குதிரையைப் பார்க்கப் போனவனுக்கு ஓணானைக் காட்டினால் கோபம் வராதா?

காட்ஸில்லாவின் உரிமையாளரான டோஹோ என்ற ஜப்பானிய நிறுவனத்துக்கே பிற்பாடு இது பிடிக்காமல் போய், இந்த விலங்குக்குத் தனியாக 'ஸில்லா' என்று பெயர் வைத்தார்கள். பெயரிலிருந்த 'காட்' போய்விட்டது, அதாவது கடவுளைக் கழற்றிவிட்டார்கள். 2004இல் அவர்கள் எடுத்த படம் ஒன்றில் அசல் காட்ஸில்லா சிட்னி நகரத்தில் ஸில்லாவை அடித்து ஓபரா ஹவுஸ் மேல் எறிகிறது. ஒரு நிமிடம்கூட நிற்காத சண்டை. இவ்வளவு வெளிப்படையாகச் சினிமாவுக்குள்ளேயே ஒரு படம் இன்னொரு படத்தைப் பழிவாங்கி நான் பார்த்ததில்லை.

விளம்பரமும் ஒரு காரணம். அருங்காட்சியகத்தில் குழந்தைகள் டைனோசர் எலும்புக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு பெரிய கால் கூரையைப் பிய்த்துக்கொண்டு அதை மிதிக்கும் டிரெய்லர் ஒன்று வந்தது. ஸ்பீல்பெர்க்கின் டைனோசர்களுக்கே சவால் விட்டார்கள். விலங்கின் முழு உருவத்தை வெளியீட்டு நாள்வரை மறைத்து வைத்தார்கள். அவ்வளவு ஏற்றிவிட்டால் பந்தியில் உட்கார்ந்தவன் பாயசத்தையும் குறை சொல்வான்.

படம் ஓடவே இல்லையாமே?

ஓடியது. செலவு சுமார் 13 கோடி டாலர். அமெரிக்காவில் மட்டும் 13.6 கோடி, உலகம் முழுக்கச் சுமார் 38 கோடி டாலர் வசூல். அவர்கள் எதிர்பார்த்தது அதைவிட அதிகம், அதனால் தோல்வி என்ற பெயர். இரண்டாம் பாகம் எடுக்கும் திட்டம் கைவிடப்பட்டது.

சரி, அப்படியானால் உங்களுக்கு இதில் என்னதான் பிடித்தது?

காட்ஸில்லா என்ற பெயரை எடுத்துவிட்டுப் பாருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். முட்டையிட இடம் தேடி, தப்பான இடத்துக்கு வந்துவிட்ட ஒரு தாய் விலங்கின் கதை இது. அப்படிப் பார்த்தால் படம் வேறாகிவிடுகிறது.

எங்கள் கடற்கரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. தை பிறந்ததிலிருந்து பங்குனி வரைக்கும் தேவனாம்பட்டினம் பக்கமும் அதற்கு வடக்கே பாண்டிவரையும் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறும். மணலைத் தோண்டி நூறு முட்டை வரை இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். 45 முதல் 55 நாளில் குஞ்சு பொரிக்கும். நாய், நரி, மனிதர் கையில் படாமல் இருக்க வனத்துறையினர் முட்டைகளை எடுத்துத் தனியாகப் புதைத்து வைத்துப் பாதுகாப்பார்கள். அதே மாதங்களில் செத்த ஆமைகளும் ஒதுங்கும். ஆமைக்கு மூச்சு விட மேலே வந்தாக வேண்டும், இழுவலையில் மாட்டினால் வர முடியாது. காலையில் நடைப்பயிற்சிக்குப் போகும்போது ஓடு வெடித்துக் கிடக்கும் ஒன்றைத் தாண்டிப் போயிருக்கிறேன். பலமுறை.

அதைப் பார்த்த கண்ணோடு புரூக்ளின் பாலக் காட்சியைப் பார்த்தபோதுதான் எனக்கு இந்தப் படம் புரிந்தது. பாலத்தைத் தாங்கும் இரும்புக் கயிறுகளில் கால் சிக்கி, இழுக்க இழுக்க இன்னும் இறுகி, கத்துகிறது. வலையில் மாட்டினதுதான் அது, வேறென்ன? விமானங்கள் வந்து ஏவுகணை விடுகின்றன. தலை சாய்கிறது. நிக்கோ கிட்டே போய் அதன் கண்ணைப் பார்க்கிறார். இதயத்துடிப்பு மெதுவாகி மெதுவாகி நிற்கிறது. அதற்கப்புறம் ஊரே கைதட்டுகிறது. நிக்கோ மட்டும் தட்டவில்லை.

அதற்கு முன்னால் இன்னொரு இடம் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குண்டு போட்டு இடித்த அரங்கத்தின் இடிபாட்டிலிருந்து தாய் எழுந்து வரும். செத்துக் கிடக்கும் குட்டி ஒன்றை மூக்கால் தள்ளிப் பார்க்கும். அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் திரும்பி அங்கே நிற்கும் நிக்கோ உள்ளிட்ட நாலு பேரைப் பார்க்கும். அதுவரை ஒளிந்து ஓடிய விலங்கு, அந்த நொடியிலிருந்து துரத்துகிறது. சில நொடிக் காட்சிதான். ஆனால் மிருகத்துக்கு ஒரு காரணம் கொடுத்துவிட்டார்கள். பெரிய பட்ஜெட் மிருகப் படங்களில் இது அபூர்வம்.

இன்னொன்று. படம் முழுக்க எல்லோரும் அதை 'அவன்' என்றே சொல்கிறார்கள். கருவுற்றிருக்கிறது என்று தெரிந்த பிறகும் 'அவன்'தான். துணையில்லாமலே முட்டையிடும் உயிர் என்று ஒரு விளக்கம் சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். தமிழில் இந்தத் தொல்லையே இல்லை, 'அது' என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

நிக்கோ மருந்துக்கடையில் கர்ப்பப் பரிசோதனைக் கருவி வாங்கி விலங்கின் ரத்தத்தைச் சோதிக்கிறாரே, அது நடக்குமா?

என் அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவர். இந்தக் காட்சி வந்ததும் தண்ணீர் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். அந்தக் கருவி கண்டுபிடிப்பது மனிதப் பெண்ணின் உடலில் சுரக்கும் ஒரு ஹார்மோனை. ஓணானுக்கு அது கிடையாது. நடக்காது.

ஆனால் மண்ணில் மின்சாரம் பாய்ச்சி மண்புழுக்களை வெளியே வரவைப்பதாக ஆரம்பத்தில் வருவது உண்மையான முறைதான்.

ஊரை அவ்வளவு இடித்துத் தள்ளும் விலங்குக்காகப் பரிதாபப்படச் சொல்கிறீர்களா?

யார் எதை இடித்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நாங்கள் மாடியில் எண்ணினோம். ஊருக்குள் வரும்போது கார்களை மிதிக்கிறது, மெட்லைஃப் கட்டடத்தில் ஒரு ஓட்டை போட்டுவிட்டுப் போகிறது, சரி. கிரைஸ்லர் கட்டடத்தின் உச்சியை உடைத்தது யார்? ஹெலிகாப்டரிலிருந்து விட்ட ஏவுகணை. குறி தவறிப் போய் இடித்தது. மேடிசன் ஸ்கொயர் கார்டனைத் தகர்த்தது விமானப்படை. ஆற்றுக்குள் நீர்மூழ்கிக் கப்பல் விட்ட டார்பிடோ விலங்கைத் தவறவிட்டு இன்னொரு நீர்மூழ்கியையே அடிக்கிறது.

வெப்பத்தைத் தேடிப் போகும் ஏவுகணை ஏன் குறி தவறுகிறது என்பதற்குப் படம் சொல்லும் காரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். விலங்கு குளிர் ரத்தப் பிராணி, சுற்றியுள்ள கட்டடங்கள் அதைவிடச் சூடு. ஏவுகணைக்குக் கட்டடம்தான் எதிரியாகத் தெரிகிறது. எழுதியவர்கள் தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, நல்ல நக்கல் அது.

முதல் மோதலையும் பாருங்கள். லாரி லாரியாக மீனைக் கொண்டுவந்து நடுச்சாலையில் கொட்டி அதை வரவழைக்கிறார்கள். அது தின்ன வருகிறது. நிக்கோ அதன் எதிரிலேயே நிற்கிறார், அவரை ஒன்றும் செய்யவில்லை. அப்போதுதான் சுடுகிறார்கள். சாப்பாடு போட்டுக் கூப்பிட்டு அடிப்பதை எங்கள் ஊரில் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவோம்.

மீன் குவியல் காட்சியில் முதுநகர்க்காரர் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஐஸ் கூடப் போடாம இத்தனை மீனா? கவிச்சி ஹட்சனைத் தாண்டி அடிக்குமே." துறைமுகத்தில் ஏலம் எடுத்துப் பழகியவர், அவருக்கு அதுதான் தெரிந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் எதற்கு வருகிறார்கள்? பாண்டிக்காரர்கள் எல்லோரும் கேட்பது.

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

ழான் ரெனோவின் பாத்திரம் பிலிப் ரோஷே. காப்பீட்டு நிறுவனத்து ஆள் என்று சொல்லிக்கொண்டு வருவார், உண்மையில் பிரெஞ்சு உளவுத்துறை. தன் நாடு செய்த சோதனையால் வந்த வினையை, தன் நாட்டின் பெயர் வெளியே வராமல் முடிக்க வந்திருக்கிறார். நாட்டைக் காப்பதுதான் என் வேலை, சில சமயம் நாட்டை அதன் தப்பிலிருந்தே காப்பாற்ற வேண்டியிருக்கிறது என்ற பொருளில் ஒரு வசனம் பேசுவார். அந்த ஒரு வசனம் படத்திலுள்ள மற்ற எல்லா வசனத்தையும்விடக் கனமானது. படத்திலேயே நல்ல நடிகரும் அவர்தான். காசாபிளாங்காவில் ஸ்பானியப் பெற்றோருக்குப் பிறந்து பிரெஞ்சுக்காரராக வாழ்பவர். பாண்டியில் அவரைப் போலப் பல ஊர் கலந்தவர்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம்.

எங்கள் கூட்டத்தில் ஒருவரின் தாத்தா சொல்தா. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்கும் நம்மூர் ஆட்களைப் பாண்டியில் அப்படித்தான் சொல்வோம். பேரன் அவரையும் வண்டியில் உட்காரவைத்துக் கூட்டி வந்துவிட்டான். அமெரிக்கக் காப்பியை வாயில் வைத்து ரெனோ முகம் சுளிக்கும் காட்சிகள் வந்தபோதெல்லாம் அவர் ஒருவர்தான் சத்தமாகச் சிரித்தார். ரெனோ சூயிங்கம் மென்று, அமெரிக்கப் பாடகர் எல்விஸ் மாதிரி பேசி, அமெரிக்கராக நடித்துச் சோதனைச் சாவடியைத் தாண்டும்போது கைதட்டினார். படம் முடிந்ததும் எழுந்து நின்று சொன்னது: "குண்டு போட்டது பிரான்சுக்காரன். படம் எடுத்தது அமெரிக்காக்காரன். காசு அவனுக்கு."

அவர் விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். இந்தக் கதையின் மூலம் 1954. அந்த வருடம் மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. கணித்ததைவிடப் பெரிதாக வெடித்தது. அந்தச் சாம்பல் ஒரு ஜப்பானிய சூரை மீன்பிடிக் கப்பலின் மேல் விழுந்தது. கப்பலில் 23 பேர். கப்பலின் வானொலிக் கருவியை இயக்கியவர் செப்டம்பரில் இறந்துபோனார். ஜப்பானியச் சந்தைகளில் சூரை மீனைத் தொடவே ஜனங்கள் பயந்தார்கள். அதே வருடம் நவம்பர் 3 அன்று இஷிரோ ஹோண்டாவின் கோஜிரா வெளியானது. முதல் காட்சியிலேயே ஒரு கப்பல் எரியும். பார்த்த ஒவ்வொருவருக்கும் அது எந்தக் கப்பல் என்று தெரிந்திருக்கும்.

ஆக, அசல் கதையில் குண்டு அமெரிக்காவுடையது. அமெரிக்கர்கள் எடுத்தபோது பழியைப் பிரான்ஸ் மேல் தூக்கிப் போட்டுவிட்டார்கள். இது சாமர்த்தியம்தான், எனக்குப் பிடிக்காத சாமர்த்தியம். ஆனால் பிரான்ஸ் மேல் பழி போட்டதை அபாண்டம் என்றும் சொல்ல முடியாது. 1966 முதல் 1996 வரை மொருரோவா, ஃபங்காதௌஃபா தீவுகளில் அவர்கள் 193 சோதனை செய்தார்கள். கடைசிச் சோதனை 1996 ஜனவரியில், அதாவது படம் வருவதற்கு இரண்டே வருடம் முன்பு. உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பியிருந்த நேரம்.

நம் பக்கத்துக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1998 மே 11, 13 தேதிகளில் பொக்ரானில் இந்தியா சோதனை செய்தது. மே 20 படம் வெளியீடு. முதல் சோதனையிலிருந்து ஒன்பதே நாள் இடைவெளி. பள்ளியில் இனிப்பு கொடுத்தால் எப்படி வாங்குவது என்ற யோசனை எல்லாம் அந்த வயதில் கிடையாது, நாங்களும் குஷியாகத்தான் இருந்தோம். அதே வருடம் தியேட்டரில் உட்கார்ந்து, அணுகுண்டால் வந்த மிருகம் என்று பார்த்தபோதும் இரண்டையும் யாரும் முடிச்சுப் போடவில்லை. இப்போது பாண்டிக்கும் சென்னைக்கும் கடற்கரைச் சாலையில் போகும்போது கல்பாக்கம் திருப்பம் வந்தால் சில சமயம் அந்தப் படம் ஞாபகம் வரும்.

போகிற போக்கில் ஒன்று: பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரி நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தது 1954 நவம்பர் 1. கோஜிரா வந்தது நவம்பர் 3. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் சொல்தா தாத்தாவிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

படம் முழுக்க ஏன் மழை?

கிராஃபிக்ஸின் குறைகளை மறைக்க என்பது பலரும் சொல்லும் காரணம். இருக்கலாம். கார்த்திகை மாதத்துக் கடலூர் மாதிரி ஓயாமல் பெய்கிறது. எனக்கு அது உறுத்தவில்லை. ஈரமான சாலையில் அந்தக் கால் பதியும்போது வரும் தெறிப்பு இன்றைக்கும் நன்றாக இருக்கிறது. மேலும், 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவே கரையைக் கடந்ததைப் பார்த்தவர்களுக்குக் கடலிலிருந்து வரும் எதுவும் மழையோடுதான் வரும்.

நீங்கள் அன்றைக்கே இதை நல்ல படம் என்று சொன்னீர்களா?

இல்லை. அன்றைக்கு நான் முழுப் படத்தையே பார்க்கவில்லை.

1998 ஐப்பசி மாதம், பள்ளிக்கூடத்து வயது. அத்தை மகனோடு கடலூரிலிருந்து பாண்டிக்குப் பேருந்து ஏறிப் போய்ப் பார்த்தேன். எந்த தியேட்டர் என்று சொல்ல மாட்டேன். வெளியே கொட்டும் மழை, உள்ளே ஒழுகும் மழை. டார்பிடோ பட்டு விலங்கு ஆற்றின் அடியில் விழுகிறது, எல்லோரும் கட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள், அப்போது கரன்ட் போனது. ஜெனரேட்டர் போடுவார்கள் என்று பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம். டார்ச் லைட்டோடு வந்தவர் "படம் அவ்ளோதான், செத்துப்போச்சு, கிளம்புங்க" என்றார். பாதிப்பேர் நம்பி எழுந்து போனோம்.

பல வருடம் அதுதான் முடிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முட்டை தெரியாது, குட்டிகள் தெரியாது, பாலம் தெரியாது. இது என்ன படம், வந்தது செத்தது என்று நானும் மற்றவர்களோடு சேர்ந்து திட்டியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஓடியது. செத்துப்போன விலங்கு எழுந்து வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அத்தை மகன் மஸ்கட்டில் இருக்கிறான். அவனிடம் சொன்னேன், "போடா, பொய்" என்று விட்டான்.

கிராஃபிக்ஸ் இப்போது பார்த்தால் சிரிப்பு வராதா?

குட்டிகள் அரங்கத்தின் நடைபாதைகளில் ஓடி வருவது சில இடங்களில் சிரிப்பு வரவைக்கும். அந்தப் பகுதி டைனோசர் படத்து நகல் என்ற குற்றச்சாட்டும் சரியானதுதான். பாப்கார்னும் கூடைப்பந்தும் சிதறிக் கிடக்க, குட்டிகள் வழுக்கி விழுவது மட்டும் தமாஷ்.

பெரிய விலங்கு அப்படியில்லை. வடிவமைத்தவர் பாட்ரிக் டாடோபுலஸ். கதாநாயகனுக்கு அவர் குடும்பப் பெயரையே வைத்து, அதை யாரும் சரியாக உச்சரிக்கத் தெரியாமல் திணறுவதைப் படம் முழுக்க நகைச்சுவையாக ஓட்டுகிறார்கள். விலங்கை முழுசாகக் காட்டாமல் கால், வால், கட்டடத்துக்கு நடுவே ஒரு முதுகு என்று துண்டு துண்டாகக் காட்டும் முதல் முக்கால் மணி நேரம் அருமை. மழையில் துறைமுகத் தட்டில் உட்கார்ந்து தூண்டில் போடும் கிழவரின் காட்சியைச் சொல்ல வேண்டும். தூண்டில் இழுக்கிறது, கோல் பறிபோகிறது, தண்ணீர் மேடாக எழுந்து வருகிறது, கிழவர் திரும்பி ஓட ஓடப் பலகைகள் பின்னாலேயே சிதறிக்கொண்டு வருகின்றன. பாண்டி கடற்கரையின் பழைய துறைமுகப் பாலம் 2022 மார்ச்சில் கடல் சீற்றத்தில் இடிந்து விழுந்த படங்களைப் பார்த்தபோது முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் கிழவர்தான்.

அப்புறம், கேமராவைத் தூக்கிக்கொண்டு போகும் ஹாங்க் அசாரியாவின் மேல் கால் இறங்கும் காட்சி. செத்தான் என்று நினைப்போம். இரண்டு விரல்களுக்கு நடுவே நின்றுகொண்டிருப்பார்.

உங்களுக்கே பிடிக்காதது என்ன?

காதல். நிக்கோவின் பழைய காதலி செய்தியாளராக வர ஆசைப்பட்டு அவருடைய ரகசிய நாடாவைத் திருடுவது, அப்புறம் அழுவது, அப்புறம் சேர்வது. ஒவ்வொரு முறையும் நான் கீழே போய் டீ போட்டுக்கொண்டு வர இதைத்தான் பயன்படுத்துகிறேன். மரியா பிட்டிலோவுக்கு அந்த வருடத்தின் மோசமான துணைநடிகை என்று கேலி விருது ஒன்றைக் கொடுத்தார்கள். பாவம், எழுதியவர்களுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

மேயர் பாத்திரமும் அலுப்பு. அவர் பெயர் எபர்ட், உதவியாளர் பெயர் ஜீன். எமரிக்கின் முந்தைய படங்களைக் குறைசொன்ன ரோஜர் எபர்ட், ஜீன் சிஸ்கல் என்ற இரு விமர்சகர்களைக் கிண்டல் செய்கிறார்களாம். அந்த விமர்சகர்கள் இதற்குக் கொடுத்த பதில் படத்தைவிட நன்றாக இருந்தது: எங்களைப் படத்தில் வைத்தீர்கள், சரி, மிருகத்தை விட்டு மிதிக்கவாவது விட்டிருக்கலாமே என்றார்கள்.

காட்ஸில்லா மைனஸ் ஒன் வந்த பிறகு இதை எதற்குப் பார்க்க வேண்டும்?

2023இல் வந்த அந்த ஜப்பானியப் படம் மிக நல்ல படம், காட்சி விளைவுகளுக்காக ஆஸ்கரும் வாங்கியது. இரண்டையும் போட்டியில் நிறுத்தினால் இது முதல் சுற்றிலேயே வெளியேறிவிடும். நான் சொல்வது வேறு. அதில் வருவது தண்டனை, வானத்திலிருந்து இறங்கும் தீர்ப்பு மாதிரி. 1998 படத்தில் வருவது பசியும் பிரசவமும். எனக்கு இரண்டும் வேண்டும். ஒன்று பிடித்தால் மற்றதைத் துப்ப வேண்டும் என்று ரசிகர்கள் ஏன் நினைக்கிறார்கள் என்று புரியவில்லை. கடலூரில் இருந்துகொண்டு பாண்டி மெஸ் சாப்பாடும் பிடிக்கும் என்று சொல்லக்கூடாதா?

சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

ரத்தம் அதிகம் இல்லை. குட்டிகள் சில ஆட்களைக் கடித்துத் தின்பதாக வரும், ஆனால் விவரமாகக் காட்ட மாட்டார்கள். ஏழெட்டு வயதுக்கு மேல் பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

என் அக்கா மகளுக்கு எட்டு வயது. பயப்படவே இல்லை. பாலத்தில் விலங்கு சாய்ந்தபோதுதான் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, அது மீன் தின்னத்தானே வந்துச்சு?" என்றாள். ஆமாம் என்றேன். அப்புறம் படம் முடியும் இடம். இடிந்த அரங்கத்துக்குள் ஒரே ஒரு முட்டை மிச்சமிருக்கும். விரிசல் விட்டு ஒரு குட்டி தலையை நீட்டிக் கத்தும், அதோடு திரை இருட்டாகிவிடும். விளக்கைப் போட்டோம். எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டிருக்க, அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. "அந்தக் குட்டிக்கு யாரு மீன் குடுப்பா?"

நல்லவேளை, அதற்குப் பதில் இருக்கிறது. 1998 முதல் 2000 வரை இந்தப் படத்தின் தொடர்ச்சியாக ஒரு கார்ட்டூன் தொடர் வந்தது. அந்தக் கடைசிக் குட்டி கண் திறந்ததும் நிக்கோவைப் பார்த்து, அவர்தான் தன்னைப் பெற்றவர் என்று நினைத்துக்கொள்ளும். மொத்தம் 40 பகுதிகள். திட்டிக்கொண்டே படம் பார்த்தவர்கள்கூட அந்தத் தொடரை நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்வார்கள். அக்கா மகள் இப்போது பத்தொன்பதாவது பகுதியில் இருக்கிறாள். பரீட்சை முடியும்வரை பார்க்கக்கூடாது என்று அக்கா போனைப் பிடுங்கி வைத்திருக்கிறார்.